ஞாயிற்றுக்கிழமை அப்பா

சந்தியா அன்று பிள்ளைகளைத் தானே ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு வந்ததுமே ஏதோ விஷயம் இருக்கிறது என்று ராஜ்கமலுக்குப் பட்டுவிட்டது. நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் குயிலாப்பாளையம் போய் அவர்களை பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவான். பெரியவள் செந்தமிழ் பின்னால் உட்காருவாள், சின்னவன் அரவிந்தன் முன்னால் டேங்க் மேல். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவான். விவாகரத்துத் தீர்ப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தது. சந்தியா வாசலுக்கு வந்து பிள்ளைகளை அழைத்துக்கொள்வாள். "சாப்ட்டாங்களா?" என்பாள். "சாப்ட்டாங்க" என்பான். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மரக்காணத்தில் உப்பளங்களுக்கு எதிரே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அவன் பட்டறை வைத்திருந்தான். உப்பளத்து மோட்டார்களையும் படகு இன்ஜின்களையும் பழுது பார்ப்பது தொழில். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் வாசல் முழுக்க இன்ஜின்கள் கிடந்தன. சந்தியா அவற்றுக்கு நடுவே வழி பார்த்து நடந்து வந்தாள்.

"பக்கத்துக் கடையில போண்டா வாங்கிக் குடுங்க, பசங்க சாப்புடட்டும். உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள்.

பக்கத்தில் கொளஞ்சியம்மாள் டிபன் கடை. பிள்ளைகளை அங்கே உட்காரவைத்துவிட்டு வந்தான்.

"எனக்கு ஜெர்மனியில வேலை கெடச்சிருக்குது" என்றாள் சந்தியா. "ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்டாஃப் நர்ஸ்."

செந்தமிழ் பைக்கில் வரும்போது ஐன்ஸ், ஸ்வை, ட்ரை என்று ஏதோ எண்ணிக்கொண்டு வந்தது அவனுக்கு நினைவு வந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று நினைத்திருந்தான். அம்மா ராத்திரி வேலை முடித்து வந்து வீட்டில் உட்கார்ந்து ஜெர்மன் படித்ததைப் பிள்ளையும் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

"சந்தோஷம். எப்ப?" என்றான். சந்தோஷம் என்று சொன்னது பொய்யில்லை. அவள் கெட்டிக்காரி என்பது அவனுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

"ஜூன்ல சேரணும்."

"பசங்க?"

"கூட்டிட்டுதான் போறேன். விசாவுக்கு அப்பாவோட சம்மதம் கேக்குறாங்க. அதான் வந்தேன்."

ராஜ்கமல் கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். விரலில் அழுக்கே இல்லை.

"முடியாது சந்தியா."

"ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

"யோசிக்க இன்னா இருக்குது? வாரத்துல ஒரு நாள் அவங்களுக்கு அப்பாவா இருக்கேன். நீ அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போனா அதுவும் இல்ல. போன்ல வர்ற மூஞ்சி ஆயிடுவேன். அரவிந்தனுக்கு ஆறு வயசு. ரெண்டு வருஷத்துல என்னை மறந்துடுவான்."

"உங்ககிட்டருந்து பிரிக்கணும்னு நான் போகல."

"தெரியும். ஆனா பிரியத்தான போகுது."

கடையில் அரவிந்தன் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "நான் சண்டை போட வரல" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைச் சாயங்காலம்வரை அவனிடம் விட்டுவிட்டுச் சந்தியா ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவர்கள் பிரிந்தபோதும் சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு ராத்திரி வேலை, அவனுக்குப் பகல் முழுக்கப் பட்டறை. பேச வேண்டியதையெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, ஒரு கட்டத்தில் பேச எதுவுமே இல்லாமல் ஆகிவிட்டது. விவாகரத்து அன்று கோர்ட் வாசலில் அவளுக்குத் தலைவலி என்று அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். ஆனால் இப்போது அவள் கேட்டது வேறு. மறுவாரம் அவன் திண்டிவனம் பஸ் ஏறினான்.

வக்கீல் லூர்துமேரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பசங்க உன்கிட்ட இருக்கணுமா தம்பி, இல்ல அவங்க நாட்ட விட்டுப் போகக்கூடாதா? இன்னா கேக்குற நீ?"

"போகக்கூடாது மேடம்."

"அவங்க அம்மா நல்லா பாத்துக்கல, அது இதுன்னு எதுனா இருக்குதா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்ல. நல்லாதான் வளக்குறாங்க. அப்படி எதுவும் எழுதிடாதீங்க."

லூர்துமேரி அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். எழுதவில்லை. தகப்பனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை இருக்கிறது, வெளிநாடு போனால் அது போய்விடும் என்று மட்டும் மனு போட்டாள்.

கோர்ட்டில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார்கள். சந்தியாவின் வக்கீல் ஜெர்மனியின் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசினார். ராஜ்கமலிடம் கேட்டபோது, "எனக்கு அந்த ஊரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. ஞாயித்துக்கெழம பசங்க வரணும். எனக்கு அவ்ளோதான்" என்றான். கடைசியில், வழக்கு முடியும்வரை பிள்ளைகளை நாட்டைவிட்டுக் கூட்டிப்போகக் கூடாது என்று உத்தரவு வந்தது.

வெளியே வந்ததும் சந்தியா அவனை நிறுத்தினாள்.

"கேஸ் எப்ப முடியும்னு தெரியாது. ஜூன்ல நான் சேரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"அதுக்கு?"

"நான் போறேன். முடியற வரைக்கும் பசங்க உங்ககிட்ட இருக்கட்டும்."

அவன் இதை எதிர்பார்க்கவே இல்லை. அவள் வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தான். "பசங்கள விட்டுட்டா போற?" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று புரிந்தது.

சந்தியாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. "அவங்க அப்பாகிட்டதான விட்டுட்டுப் போறேன்? யாரோ தெரியாதவங்ககிட்டயா?"



ஜூன் மாதம் இரண்டு பைகளோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். அன்று முழுவதும் மரக்காணத்திலேயே இருந்தாள். சமையலறையில் அவன் வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தாள். "அரவிந்தன் ரசத்துல தக்காளித் தோல் இருந்தா துப்பிடுவான். தூங்கும்போது காதப் பிடிச்சுப்பான், அவன் காத இல்ல, உங்க காத. தட்டிவிட்டுடாதீங்க. தமிழுக்குக் கோவம் வந்தா பேச மாட்டா. நீங்களாப் போயி பேசணும்" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியாகக் கிளம்பும்போது அரவிந்தன் டாட்டா காட்டினான். வேலைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான். செந்தமிழ் வாசலுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் ராஜ்கமல் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "தமிழு, தோச சுடட்டா?"

"நீ கேஸ் போட்டதாலதான அம்மா தனியா போச்சு?" என்றாள் அவள்.

"ஆமா" என்றான்.

அவன் மறுப்பான், காரணம் சொல்லுவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஆமா என்று சொன்னதும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவாக இருந்தவனுக்கு மற்ற ஆறு நாளும் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவான், பரோட்டா வாங்கித் தருவான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான். இப்போது பல் விளக்கச் சொல்லி அதட்ட வேண்டியிருந்தது. அரவிந்தனின் இன்னொரு ஷூவைத் தேடுவதிலேயே ஒவ்வொரு காலையும் போனது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததில் செந்தமிழுக்கு விருப்பமில்லை. பழைய பள்ளிக்கூடத்துத் தோழிகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒருநாள் அவனுக்குக் கோபம் வந்து கத்திவிட்டான். கத்திய பிறகு அவளாகப் பேச மாட்டாள் என்று சந்தியா சொன்னது ஞாபகம் வந்து, பட்டறையைப் பாதியில் மூடிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். அவள் வெளியே வந்து அவனைப் பார்த்துவிட்டு, புத்தகப்பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழியில் அவளாகவே கணக்கு டீச்சரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

சந்தியா தினமும் வீடியோவில் வந்தாள். முதல் வாரங்களில் அரவிந்தன் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசுவான். பேச்சுக்கு நடுவில் எழுந்து ஓடிவந்து, "ப்பா, செருப்பு அறுந்துடுச்சு" என்று ராஜ்கமலிடம் நீட்டுவான். அம்மா திரையில் இருக்கும்போதே தன்னிடம் ஓடி வருகிறானே என்று ராஜ்கமலுக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு குதூகலம் எழும். அதை வெளியில் சொல்லவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது.

போகப் போக அரவிந்தனுக்குப் போன் சலித்துவிட்டது. ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தவன் போனைத் தரையில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டான். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து ராஜ்கமல் போனை எடுக்கக் குனிந்தான். ஆனால் அழைப்பு முடிந்திருக்கவில்லை. சந்தியா இன்னும் இருந்தாள். அவளுக்கு அங்கே தெரிந்தது சுற்றும் மின்விசிறி மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டு, வெளியே மகன் கத்தி விளையாடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்லச் சிரித்துக்கொண்டுமிருந்தாள். ராஜ்கமல் நிழல் விழாமல் ஒதுங்கி நின்றான்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பழைய இன்ஜின் ஒன்றின்மேல் அதைச் சாய்த்து வைத்தான். எதிரே அரவிந்தன் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான்.

"தெரியுதா?" என்றான்.

"ம், தெரியுது" என்றாள் சந்தியா. "இருட்டற வரைக்கும் அப்படியே வைங்களேன்."

அதற்குப் பிறகு பல நாள் அப்படித்தான் வைத்தான். செந்தமிழ் படிக்கும் மேசையில், அடுப்புப் பக்கத்துச் சன்னலில் என்று போன் எங்காவது சாய்ந்திருக்கும். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சந்தியா அங்கே தன் சமையலைச் செய்துகொண்டிருப்பாள். எப்போதாவது, "அரவிந்தா, அதை வாயில வைக்காத" என்று போனிலிருந்து குரல் வரும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்க வெள்ளம் தேங்கி, வரப்பு எது பாத்தி எது என்று தெரியவில்லை. பட்டறையில் வேலை குறைவு. பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் அரவிந்தன் பட்டறைக்கு வந்து, "ப்பா, அக்கா பாத்ரூம்ல அழுவுது" என்றான்.

ராஜ்கமல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். "தமிழு? விழுந்துட்டியா?"

"இல்ல. நீ போ."

"இன்னாம்மா ஆச்சு?"

"போன் குடு. அம்மாகிட்ட பேசணும்."

கதவு இடுக்கில் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அங்கே விடிந்திருக்குமா என்றுகூட அவன் யோசிக்கவில்லை. உள்ளே அவள் விசும்புவதும், சந்தியா தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வதும் கேட்டது. மழைச் சத்தத்தில் வார்த்தைகள் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கை மட்டும் வெளியே வந்து போனை நீட்டியது. "அம்மா உன்கிட்ட பேசணுமாம்."

"என்னங்க" என்றாள் சந்தியா. விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "தமிழு பெரியவளாயிட்டா."

அவனுக்கு அது மனதில் ஏற ஒரு நொடி பிடித்தது. "இப்ப நான் இன்னா பண்ணட்டும்?" என்றான்.

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான். குடை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனான். எந்த அளவு நாப்கின் என்று கடைக்காரர் கேட்டதும் விழித்தான். இரண்டு மூன்று விதத்தில் கொடுக்கச் சொன்னான். வெந்நீர்ப் பை ஒன்றும் வாங்கினான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கதவோரம் வைத்துவிட்டு, "தமிழு, வாசல்ல வெச்சிருக்கேன். நான் பட்டறையில இருக்கேன். கூப்புட்டா கேக்கும்" என்றான். வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அரவிந்தனையும் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

"அக்காவுக்கு ஜுரமா?" என்றான் அரவிந்தன்.

"ஜுரமில்ல. வளர்றா. அதான் கொஞ்சம் வலிக்கும்."

"எனக்கு வலிக்கலியே."

"உனக்குப் பல்லு விழுறப்ப வலிச்சுதுல்ல? அதுமாதிரி."

கொளஞ்சியம்மாளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நனைந்துகொண்டே வந்தாள். "தம்பி, தாய்மாமனுக்குச் சொல்லணும். பொண்ண தனியா உக்கார வைக்கணும், தண்ணி ஊத்தணும். ஆம்பள நீ ஒண்டியா இன்னா பண்ணுவ? நான் நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

உள்ளேயிருந்து செந்தமிழின் குரல் வந்தது. "அம்மா வர்ற வரைக்கும் எதுவும் வேணாம்."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா—"

"வேணாங்க்கா" என்றான் ராஜ்கமல். "அவ சொல்றபடியே இருக்கட்டும்."

கொளஞ்சியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மத்தியானம் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க எடுத்து வந்தாள். "இதுக்காவது உங்கம்மா வரணும்னு சொல்லாம சாப்புடு" என்று செந்தமிழின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். மகள் சாப்பிட்டுவிட்டு, வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். தூங்குமுன், "ப்பா, அந்தக் கடையில எல்லாரும் இருந்தாங்களா? உனக்குக் கூச்சமா இல்லியா?" என்று கேட்டாள்.

"கடைக்காரருக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது" என்றான் அவன்.

சாயங்காலம் சந்தியா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள். மகளைக் காட்டச் சொன்னாள். அவன் போனைத் தூங்குகிறவளின் முகத்துக்கு நேரே பிடித்தான். சந்தியா வெகுநேரம் பார்த்தாள். திரையில் அவள் விரல் ஒரு தரம் பெரிதாகத் தெரிந்து மறைந்தது.

"நான் வந்துடுறேன்" என்றாள்.

"லீவு குடுப்பாங்களா?"

"லீவு இல்ல. வேலைய விட்டுட்டு வந்துடுறேன். கேஸெல்லாம் வேணாம். நீங்க கேட்ட மாதிரியே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரட்டும். இன்னிக்கு எம்பொண்ணுக்குப் பக்கத்துல நான் இல்ல. என்னால முடியல."

அவன் கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. "இப்ப எதுவும் முடிவு பண்ணாத" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் முழுக்க ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன்முன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தான். பழையபடி குயிலாப்பாளையத்து வீட்டு வாசல். சாப்ட்டாங்களா, சாப்ட்டாங்க. படித்து வாங்கிய வேலையைத் தன்னால் விட்டுவிட்டு வந்தவளின் முகத்தை வாராவாரம் பார்க்க வேண்டும். பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்வார்கள். அன்று அவள் கூப்பிட்டதும் முதல் வார்த்தையாக, "வேலைய விடாத" என்றான். "டிசம்பர்ல லீவு போட்டு வா. பேசிக்கலாம்."

டிசம்பரில் வந்தாள். மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். செந்தமிழ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அரவிந்தன் ராஜ்கமலின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சந்தியா கையை நீட்டியும் வரவில்லை. அவள் முகம் வாடியது. மகனைத் தூக்கி அவள் கையில் திணிக்க ராஜ்கமலுக்கு மனம் வரவில்லை. "விடு, வீட்டுக்குப் போனா சரியாயிடுவான்" என்றான். வீட்டில் சந்தியா மகனைக் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, கடைசியில் அவள் மடியில் ஏறி, அங்கேயே தூங்கிவிட்டான். அவன் கை அவள் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, கொளஞ்சியம்மாளும் இன்னும் நாலு பெண்களும் வந்து செந்தமிழுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிரம்மதேசத்திலிருந்து தாய்மாமன் சீரோடு வந்தார். பந்தல், மைக்செட் எதுவும் இல்லை. பட்டுப் பாவாடை கனமாக இருக்கிறது என்று செந்தமிழ் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் அம்மாவின் கையை விடவில்லை.

எல்லோரும் போன பிறகு, ராஜ்கமலும் சந்தியாவும் சாலையைத் தாண்டி உப்பளத்துக் கரையில் நடந்தார்கள். பாத்திகளில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. கொக்குகள் நின்றிருந்தன.

"கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான் ராஜ்கமல்.

சந்தியா நின்றுவிட்டாள். "நான் அழுததுக்காகவா?"

"அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல." அவன் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கூட்டிச் சேர்த்துக்கொண்டான். "நீ வந்து கேட்ட அன்னிக்கு, நான் அவங்களுக்கு ஞாயித்துக்கெழம பரோட்டா வாங்கித் தர்ற ஆளு. அப்ப அனுப்பியிருந்தா மறந்திருப்பாங்க. எனக்குத் தெரியும், அதான் பயந்தேன். இந்த ஆறு மாசம் நான் அவங்களோட இருந்துட்டேன். திட்டியிருக்கேன், திட்டு வாங்கியிருக்கேன். இப்ப மறக்க மாட்டாங்கன்னு தோணுது."

"மறக்க மாட்டாங்க" என்றாள் சந்தியா. "நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்ககிட்ட நான் கேக்க வரல. முடிவு பண்ணிட்டு சொல்ல வந்தேன். சம்மதம் மட்டும்தான் கேட்டேன். உங்களுக்கு எப்படி இருக்கும்னு கேக்கல."

"இப்ப கேளு."

"எப்படி இருக்குது?"

"கஷ்டமாதான் இருக்குது" என்றான். "அனுப்பிட்டு எப்படி இருக்கப் போறேன்னு தெரியல."

அவள் அவன் கையைத் தொடப்போய், தயங்கி, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள். மறுபடியும் சேர்ந்து வாழலாமா என்று இருவருமே கேட்கவில்லை. அது முடிந்துபோன விஷயம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இன்னும் மீதி இருந்தது.

நடந்துகொண்டே பேசினார்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பெரிய விடுமுறை விடும்போதெல்லாம் பிள்ளைகள் மரக்காணத்துக்கு வர வேண்டும். பள்ளிக்கூடம் மாற்றுவதோ வீடு மாற்றுவதோ, எதுவானாலும் முன்கூட்டியே அவனிடம் பேச வேண்டும். தமிழ் எழுதப் படிக்க மறக்கக்கூடாது. "அரவிந்தனுக்கு நான் போன்ல சொல்லித் தர்றேன்" என்றான் ராஜ்கமல். "உங்க கையெழுத்த பாத்து கத்துக்கிட்டா வெளங்கிடும்" என்றாள் சந்தியா. வெகுகாலத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அம்மாவோடு போகிறாயா என்று செந்தமிழிடம் அவனே கேட்டான். சந்தியாவை உடன் வைத்துக்கொள்ளவில்லை.

"போறேன்பா" என்றாள். "ஆனா உன்கிட்ட போறேன்னு சொல்றதுக்குக் கஷ்டமா இருக்குது."

"சொல்லிட்டல்ல. அவ்ளோதான்."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மகள் அழுகிறாள் என்று தெரிந்து அவன் தன் அழுகையை அடக்கிக்கொண்டான்.

அரவிந்தன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்க கடல் இருக்குதா?"

"இல்ல, பெரிய ஆறு இருக்குது" என்றாள் சந்தியா.

"ஆத்துல போட் இருக்குமா?"

"நெறைய இருக்கும். பெரிய பெரிய போட்."

"இன்ஜின் ரிப்பேர் ஆனா? அப்பா இங்க இருக்கே, யாரு பாப்பாங்க?"

"அப்ப அப்பாவக் கூப்புடுவோம்" என்றாள் சந்தியா.

பொங்கல் முடிந்ததும் கோர்ட்டில் இருவரும் பேசி ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்துகொண்டார்கள். லூர்துமேரி படியிறங்கும்போது, "கேஸ் போட வந்தப்ப, அவங்களப் பத்தித் தப்பா எழுதாதீங்கன்னு சொன்ன பாரு, இது இப்படித்தான் முடியும்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றாள். ராஜ்கமல் தலையாட்டினான். அவனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சந்தியா வேலைக்குத் திரும்பிப் போனாள், பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும் என்று பிள்ளைகள் மரக்காணத்திலேயே இருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் சந்தியா திரும்ப வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டாள். சென்னை விமான நிலையம்வரை ராஜ்கமல் போனான். உள்ளே போகும் வாசலில் செந்தமிழ் கட்டிப்பிடித்து, "நேரத்துக்கு சாப்புடு. கடையிலயே சாப்புடாத" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அரவிந்தன் தோளைவிட்டு இறங்க மறுத்தான். ராஜ்கமல் அவன் விரல்களைத் தன் காதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. சந்தியா மகனை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வர்றோம்" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர்கள் மறையும்வரை நின்றுவிட்டு, அவன் திருவான்மியூர் போய் மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்ஸைப் பிடித்தான்.

பஸ் நீலாங்கரை தாண்டும்போது போன் அடித்தது. செந்தமிழ்தான். "ப்பா, அரவிந்தன் அழுதுகிட்டே இருக்கான். உன்கிட்ட பேசணுமாம்."

"ப்பா, எங்க இருக்க?" என்றது தேம்பும் குரல்.

"பஸ்ல போறேன்டா கண்ணு. சன்னல் சீட்டு."

"எந்த ஊரு?"

"ஈஞ்சம்பாக்கம்."

"அப்பறம் எந்த ஊரு?"

அவன் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தான். பனையூர் என்றான். உத்தண்டி என்றான். ரோட்டோரம் ஒரு மாடு படுத்திருக்கிறது, பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது என்றான். தேம்பல் மெல்ல அடங்கியது. "மாடு எந்திரிக்கலியா?" என்று கேட்டான் அரவிந்தன். "எந்திரிக்கல, பஸ்ஸுதான் ஒதுங்கிப் போச்சு" என்றான். பையன் சிரித்தான்.

"முட்டுக்காடு பாலம் வந்துடுச்சு" என்றான் ராஜ்கமல். "கீழ தண்ணில போட் நிக்குது."

"எத்தினி?"

அவன் சன்னலுக்கு வெளியே தலையைச் சாய்த்தான். வெயிலில் கண் கூசியது. "இரு, எண்ணிச் சொல்றேன்."

"ப்பா" என்று செந்தமிழின் குரல் குறுக்கிட்டது. "ஏறச் சொல்றாங்க."

"சரிம்மா. தம்பி கையப் பிடிச்சுக்கோ. ஏறுங்க."